தெற்குப் பார்த்த வாசல்

நங்கநல்லூர்
26.5.2025

திரு. கதிரேசன் அவர்களுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஊரூர் குப்பத்துக்குப் போகிற சந்தில் நீங்கள் கட்டியிருக்கும் கட்டடத்தில், விற்காமல் நிற்கிற அந்த முதல் மாடி வீட்டைப் பார்க்க வந்த செண்பகம் எழுதுகிறேன். ஆள் ஞாபகம் வரவில்லை என்றால் இப்படிச் சொல்கிறேன். பக்கத்து மனையில் மணல் சலித்துக்கொண்டிருந்த நாலு பேர் எதிரில், "மொதல்ல துட்டு கீதா இல்லியா, அத்தச் சொல்லும்மா. பீச் ஓரமா வூடு வோணும்னு அல்லாருந்தான் வர்றாங்கோ" என்று கேட்டீர்களே, அந்தப் பொம்பளை.

நான் தி. நகரில் ஒரு புடவைக் கடையில் முப்பத்தோரு வருஷமாக நின்று விற்கிறவள். வாங்க வந்தவர்களிடம் ஒருநாளும் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பார்கள். அதனால் இனிமேல் உங்களோடு நேரிலும் பேச மாட்டேன், போனிலும் பேச மாட்டேன். நீங்கள் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். எழுதினால், யார் என்ன சொன்னார்கள் என்று பிறகு மாற்றிப் பேச முடியாது.

துட்டு இருக்கிறது. திருவல்லிக்கேணியில் என் மாமனார் வீட்டை அண்ணன் தம்பிகள் விற்றதில் வந்த பங்கு. அதோடு என் வீட்டுக்காரர் பஞ்சாட்சரத்துக்கு வந்த பி.எஃப். பணம்.

இப்போது வீட்டைப் பற்றி. நீங்கள் ஐம்பத்தாறு இலட்சம் சொன்னீர்கள். குளியலறைத் தரையில் தண்ணீர் ஊற்றினேன், ஓட்டைக்குப் போகாமல் மூலையில் தேங்குகிறது. சமையலறையில் கிரைண்டர் வைக்க இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, வாசல் தெற்குப் பார்த்து இருக்கிறது. மற்ற நாலும் விற்று இது மட்டும் ஏன் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஐம்பது இலட்சம் என்றால் யோசிக்கிறோம்.

செண்பகம்


அடையாறு
1.6.2025

அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் எட்டாவதோடு நின்றவன். கொத்தனார் வேலையிலிருந்து மேலே வந்தவன். பில்லில் கையெழுத்துப் போடுவதைத் தவிர பேனா பிடித்து இருபது வருஷம் ஆகிறது. நாலு தடவை போன் போட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அன்றைக்குக் கேட்டது தப்புத்தான். காலையிலிருந்து ஐந்து பேர் வந்து பார்த்தார்கள். ஐந்து பேரும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள், ஒருத்தரும் விலை கேட்கவில்லை. அந்தக் கடுப்பு உங்கள்மேல் விழுந்தது. இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் உள்ளேயே வரவில்லை. வாசப்படியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். வாங்க வந்த மனுஷன் சுவரைத் தட்டிப் பார்ப்பார், குழாயைத் திறந்து பார்ப்பார், தூங்குவாரா? சும்மா பொழுதுபோக்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டேன்.

குளியலறைத் தரையைப் பெயர்த்து வாட்டம் சரி பண்ணியாச்சு. கிரைண்டருக்கு ஒரு கடப்பா கல் மேடை போட்டாச்சு. வந்து பார்க்கலாம்.

ஐம்பது என்பது அநியாயம் அம்மா. ஐம்பத்தைந்தரை.

கதிரேசன்


நங்கநல்லூர்
9.6.2025

திரு. கதிரேசன் அவர்களுக்கு,

தரையைச் சரி பண்ணியதற்கு நன்றி. ஆனால் அது நீங்கள் முதலிலேயே ஒழுங்காகச் செய்திருக்க வேண்டிய வேலை. அதற்கு நான் விலை ஏற்ற முடியாது.

நீங்கள் கொடுத்த காகிதத்தில் நானூற்று அறுபது சதுர அடி என்று இருக்கிறது. நான் என் கடை டேப்பை எடுத்து வந்திருந்தேன், நீங்கள் கவனிக்கவில்லை. சுவருக்குச் சுவர் முந்நூற்று நாற்பதுதான் வருகிறது. மீதி நூற்றிருபது எங்கே என்றால் படிக்கட்டில், லிஃப்டில், மொட்டை மாடியில் எங்கள் பங்கு என்கிறீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். ஐந்தரை மீட்டர் புடவை என்று பில் போட்டு நாலு மீட்டரை மடித்துக் கொடுத்தால் எங்கள் கடையை அடித்து நொறுக்கிவிடுவார்கள்.

அந்த வாசலை நினைத்தால்தான் மனசு ஒப்பவில்லை. என் வீட்டுக்காரர் கிண்டி எஸ்டேட்டில் இரும்பு வார்ப்படப் பட்டறையில் முப்பது வருஷம் மண்புழுதியில் வேலை பார்த்தவர். நெஞ்சு முழுக்கச் சளியும் இழுப்பும். வியாதிக்காரரை வைத்துக்கொண்டு, எமன் திசையைப் பார்த்த வாசல் உள்ள வீட்டில் எப்படிக் குடியேறுவது? நீங்களே சொல்லுங்கள்.

ஐம்பத்தொன்று. அதுவும் வாசலைச் சகித்துக்கொண்டு.

செண்பகம்


அடையாறு
17.6.2025

அம்மா,

வீட்டில் வியாதிக்காரர் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. எமன் திசை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. என் பெண்டாட்டி பொன்மணியிடம் சொன்னேன். "நீ மட்டும் அந்த வூட்ல குடி போவியா? அப்பால அடுத்தவங்களுக்கு எப்டி விக்கிற?" என்று கேட்டாள்.

வாசலை வேண்டுமென்று தெற்கே வைக்கவில்லை. மனை அப்படி. கிழக்கே பக்கத்து வீட்டுச் சுவர் மூன்றடி தள்ளி நிற்கிறது, நடுவில் நம்ம மாடிப்படி. தெற்கில் திறந்த நடைபாதை விட்டேன், அந்தப் பக்கம் வாசல் வைத்தேன். அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது வருகிறவர்கள் எல்லாம் திசைகாட்டியைச் செல்போனில் வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

உள்ளதைச் சொல்கிறேன். இந்த வீட்டுக்காக வாங்கிய கடனுக்கு மாதா மாதம் வட்டி கட்டுகிறேன். வேலை முடிந்து ஒன்பது மாதமாகிறது. விற்காத வீட்டுக்கு நாள்தோறும் விளக்குப் போட்டு, தண்ணீர் விட்டு, பெருக்கிவிட்டு வருகிறேன். அடுத்த கட்டடம் ஆரம்பிக்கவே கை வரவில்லை.

அடையாறு காந்தி நகரிலிருந்து ஒரு பார்ட்டி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஐம்பத்தைந்து கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். நீங்கள் முதலில் கேட்டவர்கள் என்பதால் உங்களுக்கும் அதே விலை.

கதிரேசன்


நங்கநல்லூர்
23.6.2025

திரு. கதிரேசன் அவர்களுக்கு,

காந்தி நகர்க்காரர்கள் தாராளமாக வாங்கட்டும். தெற்கு வாசலில் அவர்கள் சௌக்கியமாக இருக்கட்டும்.

நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். வாசல் மட்டும் கிழக்கே இருந்திருந்தால், நீங்கள் முதல் நாள் கேட்ட ஐம்பத்தாறையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்திருப்பேன். இல்லையே! அதனால்தான் ஐம்பத்திரண்டு. ஆனி முடிவதற்குள் அட்வான்ஸ் தருகிறோம். ஆடி பிறந்தால் நாங்களும் தர மாட்டோம், நீங்களும் வாங்க மாட்டீர்கள்.

பழவந்தாங்கலிலிருந்து மாம்பலம் போகிற ரயிலில் நின்றுகொண்டே எழுதுகிறேன், கையெழுத்துக் கோணலாக இருக்கும். கடையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போய் இந்த விலையை நினைத்து நினைத்துத் தூக்கம் போகிறது. சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்கள்.

செண்பகம்


அடையாறு
8.7.2025

அம்மா,

இந்தக் கடிதத்தைச் சந்தோஷமாக எழுதுகிறேன்.

வாசலை மாற்றியாச்சு! இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டினேன். தூண், உத்தரம் எதையும் தொடாமல் கிழக்குச் சுவரில் வாசலைத் திறக்கலாம் என்றார். கிழக்கே படிக்கட்டுப் பக்கம் புது நிலை வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, தேங்காய் உடைத்தாயிற்று. தெற்கு வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, பூசி, வெள்ளையும் அடித்துவிட்டோம். பழைய வாசல் இருந்த இடமே தெரியாது. பாதி வேலையை நானே கரண்டி பிடித்துச் செய்தேன். ஒன்றேகால் இலட்சம் செலவு. அது என்னோடு போகட்டும்.

உங்கள் கடிதத்தைப் பொன்மணியிடம் படித்துக் காட்டினேன். "பாவம்யா, ஒடம்பு முடியாத மனுசன். செஞ்சி குட்த்துடு" என்றாள். குறை என்று ஒருத்தர் சொன்னால் அதைச் சரி பண்ணிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்குவதுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

இனி அந்த வீட்டில் ஒரு குறையும் கிடையாது. உங்கள் வார்த்தைப்படி ஐம்பத்தாறு. ஆடி முதல் தேதி 17 வருகிறது. அதற்கு முன் வந்து அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டி வாருங்கள்.

கதிரேசன்


நங்கநல்லூர்
11.7.2025

திரு. கதிரேசன் அவர்களுக்கு,

நேற்றுக் கடைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வந்தோம். நீங்கள் சைட்டில் இல்லை. வாட்ச்மேன் திறந்துவிட்டார். புது வாசல் வழியாக உள்ளே போனோம். என் வீட்டுக்காரர் தெற்குச் சுவருக்கு முன்னால் போய் நின்றார். கையை வைத்துத் தடவினார். "இன்னா செம்பா, இங்கதானே நாக்காலி போட்டேன்?" என்று கேட்டார்.

கதிரேசன், என் தப்பை மறைக்காமல் எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவருக்குப் படுத்தால் மூச்சு முட்டும். ஒன்றரை வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்துதான் இரவைக் கழிக்கிறார். நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீடு பின்கட்டு, நாலு பக்கமும் சுவர். ஃபேன் காற்று இவருக்கு ஆகாது, இருமல் வந்துவிடும். பத்து நிமிஷம் கண் அயர்வார், முழித்துக்கொள்வார். அவர் முழித்தால் நானும் முழிப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெற்கு வாசலில் உட்கார்ந்தவர், "செம்பா, காத்து வருதுடி" என்றார். அவ்வளவுதான். அரை மணி நேரம் இழுப்பு இல்லாமல் தூங்கினார். நீங்கள் மூன்று பக்கமும் அடைத்துக் கட்டி அந்த ஒரு பக்கம் திறந்துவிட்டதால், கடல் காற்று முழுவதும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. அவர் தூங்கியதைப் பார்த்த நிமிஷமே எனக்கு இந்த வீடுதான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

முடிவானதும் நான் என்ன செய்தேன்? அந்த வாசலையே குறை சொன்னேன்.

முப்பத்தோரு வருஷமாகப் பார்க்கிறேன். புடவை வாங்குகிறவள், மனசுக்குப் பிடித்த புடவையைத்தான் திட்டுவாள். பார்டர் மட்டம், சாயம் போகும், முந்தானை சின்னது என்பாள். கையை மட்டும் அதிலிருந்து எடுக்க மாட்டாள். "ரொம்ப நல்லாயிருக்குங்க" என்று சொல்கிறவள் வாங்காமல் எழுந்து போய்விடுவாள். நல்லாயிருக்கு என்று சொன்னவர்கள் வாங்கி நான் பார்த்ததே இல்லை. இந்தப் புத்தியில் ஊறிப்போய், ஆசையைக் காட்டினால் நீங்கள் விலையை ஏற்றிவிடுவீர்கள் என்று பயந்து, எமன் திசை அது இது என்று வாய்க்கு வந்ததை எழுதினேன். அவர் வியாதியையே பேரம் பேச எடுத்துக்கொண்டேன். எனக்கு வாஸ்துவில் ஒரு நம்பிக்கையும் கிடையாது. எங்கள் திருவல்லிக்கேணி வீடே தெற்குப் பார்த்ததுதான்.

குறை சொன்னால் விலையைக் குறைப்பார்கள் என்றுதான் எனக்குத் தெரியும். குறையைச் சரி பண்ணிவிடுகிற ஆளை நான் பார்த்ததில்லை.

பத்திரச் செலவு போக எங்கள் கையில் இருப்பது ஐம்பத்துமூன்று. முதலிலிருந்தே அவ்வளவுதான் இருந்தது. அந்த வாசல் இல்லாமல் இந்த வீடு எங்களுக்கு வேண்டாம். உங்களுக்கு வீண் செலவு வைத்ததற்கு மன்னித்துவிடுங்கள். கிழக்கு வாசலுக்கு நல்ல விலை வரும். காந்தி நகர்க்காரர்களுக்கே கொடுத்துவிடுங்கள்.

செண்பகம்


அடையாறு
15.7.2025

அம்மா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டு முதலில் உங்கள்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அப்புறம் என்மேல்தான் வந்தது. கண்ணுக்கு எதிரில் ஒரு மனுஷன் தூங்குகிறார். இருபத்தெட்டு வருஷம் வீடு கட்டுகிறவன், அது ஏன் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? ஆர்வம் இல்லாதவர் என்று நினைத்தேன் பாருங்கள்!

நீங்கள் உண்மையைச் சொன்னதால் நானும் சொல்கிறேன். காந்தி நகர் பார்ட்டி என்று ஒருத்தரும் இல்லை. விற்கிறவன் எவனும் இன்னொரு பார்ட்டி இருக்கிறது என்று சொல்லாமல் விற்றதில்லை. நானும் சொன்னேன்.

இன்னொன்று. என் மனசில் நான் வைத்திருந்த விலையும் ஐம்பத்துமூன்றுதான். வந்த அன்றைக்கே, "கதிரேசா, கையில் ஐம்பத்துமூன்று இருக்கிறது, இவர் இங்கே தூங்குகிறார், கொடுத்துவிடு" என்று கேட்டிருந்தால், அந்த நாற்காலியிலிருந்து அவரை எழுப்பாமலேயே பேசி முடித்திருக்கலாம்.

ஆனால் இப்போது கதை வேறே. வாசல் மாறியதும், பொய்யாகச் சொன்ன பார்ட்டி நிஜமாகவே வந்துவிட்டது. மந்தைவெளியிலிருந்து ஜெயலக்ஷ்மி என்று ஒரு மாமி, மகன் பிரணவோடு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். "கிழக்குப் பார்த்துண்டு எவ்ளோ லட்சணமா இருக்கு, ஆத்துல எல்லாருக்கும் பிடிச்சிடுத்து" என்று சொல்லி ஐம்பத்தாறுக்கு ஒத்துக்கொண்டு, அங்கேயே ஒரு இலட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். நான் கை நீட்டி வாங்கிவிட்டேன். நீங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போனதாக வாட்ச்மேன் சொன்னார், இனி வர மாட்டீர்கள் என்று நினைத்தேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு நேற்று நாலு மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து வைத்துவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு இலை அசையவில்லை. சட்டை நனைந்துவிட்டது. உளியும் சுத்தியும் எடுத்து, நான் அடைத்த சுவரில் ஒரு செங்கல்லைப் பெயர்த்தேன். அந்தச் சின்ன ஓட்டை வழியாக வந்த காற்று முகத்தில் அடித்தது. இவ்வளவு நாளாக வாசல் என்றுதான் அதை நினைத்திருந்தேன்.

இன்று காலையில் மந்தைவெளிக்குப் போய் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாமி நன்றாகத் திட்டினார். வாங்கிக்கொண்டேன். பொன்மணிகூட, "வந்த லட்சுமிய எவனாவது தொரத்துவானா? லூசாயா நீ?" என்று கேட்டாள். உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

ஐம்பத்துமூன்றும், வாசலை மாற்றிய ஒன்றேகாலும். அதற்குக் கீழே எனக்குக் கட்டாது அம்மா, கடன்காரன் கழுத்தைப் பிடிக்கிறான். திரும்ப இடிக்கிற கூலி வேண்டாம், அது என் கையாலேயே செய்துவிடுவேன். ஆடியில் புது நிலை வைக்க மாட்டார்கள். ஆனால் சுவரை இடிக்கக் கூடாது என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போடவில்லை. இடித்து வைக்கிறேன். நிலையும் பத்திரமும் ஆவணியில்.

முடியாது என்றால் அதையும் எழுதுங்கள். குறை மட்டும் சொல்லாதீர்கள். நான் எதையாவது இடித்துவிடுவேன்.

கதிரேசன்


நங்கநல்லூர்
11.8.2025

கதிரேசன் தம்பிக்கு,

போனில் சொல்லியிருக்கலாம். மூன்று வாரமாகப் போனில்தான் பேசுகிறோம். ஆனாலும் இந்தப் பேச்சை எழுத்தில் ஆரம்பித்தோம், எழுத்திலேயே முடிப்போம் என்று தோன்றியது.

ஒன்றேகால் இலட்சம் தயார். என் வளையல் நாலும் போயிற்று. அவரிடம் சொல்லவில்லை. கேட்டால் கடை லாக்கரில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன். கணக்குப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. வாசலை அடைத்த செலவு என்னுடையது, திறக்கிற கூலி உங்களுடையது. இரண்டரை மாதம் இத்தனை காகிதம் எழுதி, இரண்டு பேருமாகச் சேர்ந்து, இருந்த வாசலை இருந்த இடத்திலேயே கொண்டுவந்து வைத்திருக்கிறோம்.

டாக்டர் போன வாரமும் அதையேதான் சொன்னார். நெஞ்சு இனி சரியாகாது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் தெம்பு இல்லை.

நாலு ஞாயிறாக நீங்கள் சாவியை எங்களிடமே விட்டுவைக்கிறீர்கள். பத்திரம் ஆகாத வீட்டுச் சாவியை யார் கொடுப்பார்கள்? நேற்றும் போனோம். நிலை இல்லாமல், கதவு இல்லாமல், செங்கல் பல் தெரிய அந்த வாசல் திறந்து கிடக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். உங்கள் சிமெண்ட் மூட்டைச் சாக்கெல்லாம் வீடு முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. நான் நாற்காலியை எடுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. "பாய் கீதா?" என்று கேட்டார். பாய் எங்கே இருக்கிறது? இரண்டு சாக்கை உதறி வாசலை ஒட்டி விரித்தேன். படுத்தார். நான் பயந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மணி நேரம் தூங்கினார், தம்பி. படுத்துத் தூங்கினார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவர் முழு நீளத்துக்குக் கால் நீட்டியதைப் பார்த்தேன். நானும் சுவரில் சாய்ந்து எப்போது கண் அயர்ந்தேன் என்று தெரியவில்லை. எழுந்தபோது முகமெல்லாம் சிமெண்ட் தூசி.

குளியலறையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தேங்குகிறது. தேங்கிவிட்டுப் போகட்டும், நீங்கள் எதையும் பெயர்க்க வேண்டாம்.

வீடு ரொம்ப நல்லாயிருக்கு. ஆவணி பிறந்ததும் பணத்தோடு வருகிறோம்.

செண்பகம்